அறிமுகமற்ற இணையத்தளங்களிலிருந்து நிகழ்படம் தரவிறக்கல்

அறிமுகமற்ற இணையத்தளங்களிலிருந்து நிகழ்படம் தரவிறக்கல் என்பது, யாரால் நடத்தப்படுகின்றது என்பது பயனருக்குத் தெரியாத ஒரு தளத்தில் இருந்து திரைப்படம், பாடல் காட்சி, பாட விரிவுரை முதலிய நிகழ்படக் கோப்புகளைக் கணினியிலோ கைபேசியிலோ இறக்கிக்கொள்வதைக் குறிக்கும். இதில் உள்ள இடர்கள் பெரும்பாலும் நிகழ்படத்தில் இருந்து வருவதில்லை. நிகழ்படம் என்று நம்பிப் பயனர் இறக்கும் வேறொரு கோப்பில் இருந்தோ, அதைக் காண்பதற்குத் தேவை என்று சொல்லி நிறுவச் செய்யப்படும் மென்பொருளில் இருந்தோதான் வருகின்றன. தமிழ்நாட்டில் இவ்விடர், திருட்டுத் திரைப்படத் தளங்களோடும், அவற்றைத் தடுக்க நீதிமன்றங்களும் அரசும் விதித்த தடைகளோடும் நெருங்கிய தொடர்புடையது.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

மதுரை மாவட்டத்தில் இருந்து 1996இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம், தமிழ்த் திரைப்படத்துடன் நெருக்கமான உறவு உடையது. இயக்குநர் பாரதிராசா அல்லிநகரத்தையும், இசையமைப்பாளர் இளையராசா பண்ணைப்புரத்தையும் சேர்ந்தவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று (2010), மேற்குத் தொடர்ச்சி மலை (2018) ஆகிய படங்கள் இம்மாவட்ட மக்களின் வாழ்வையே கதைக்களமாகக் கொண்டவை. இத்தகைய சிறு முதலீட்டுப் படங்கள் அரங்குகளில் நெடுநாள் ஓடுவதில்லை. தவறவிட்டவர்கள் பின்னர் அவற்றை இணையத்தில் தேடுகின்றனர். தேடுபொறியில் படத்தின் பெயரோடு "தரவிறக்கம்" என்று இட்டால் கிடைக்கும் முடிவுகளில் கணிசமானவை பெயர் அறியாத தளங்களே.

ஒரு படத்தை இணையத்திலேயே ஓடவிட்டுப் பார்க்காமல் இறக்கி வைத்துக்கொள்ள இப்பகுதியில் மற்றொரு காரணமும் உண்டு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் போன்ற பள்ளத்தாக்கு நகரங்களில் நல்ல இணைப்புக் கிடைத்தாலும், மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் தங்கும் மலைப்பகுதிகளிலும் கைபேசி அலைவரிசை சீராக இருப்பதில்லை. ஆகையால் கீழே இறக்கி மேலே கொண்டு செல்வது இயல்பான பழக்கமாகும். திறன்பேசிகள் பரவும் முன்னர், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போல் இங்கும் ரீசார்ஜ் கடைகளில் சிறு தொகைக்கு மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தரப்பட்டன. கடைக்காரர் எங்கிருந்து இறக்கினார் என்பதை வாங்குவோர் கேட்டதில்லை. இன்று அந்த இடத்தை வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் பிடித்துள்ளன. கோப்பு நண்பரிடம் இருந்து வருவதால் அறிமுகமானது போலத் தோன்றும். ஆனால் அதன் மூலம் அறிமுகமற்ற தளமாகவே இருக்கக்கூடும்.

2011 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள், முதன்முறையாகப் பல மாணவர்களின் கைக்குக் கணினியைக் கொண்டு வந்தன. ஒரே மடிக்கணினியில் பாடம், திட்டப்பணி அறிக்கை, குடும்பப் புகைப்படங்கள், தரவிறக்கிய படங்கள் ஆகிய அனைத்தும் இருந்தன. ஒரு தவறான கோப்பால் இறுதியாண்டுத் திட்டப்பணி முழுவதும் அழியக்கூடிய நிலை அது.

நிகழ்படமும் நிரலும்

இடரைப் புரிந்துகொள்ள, கணினிக் கோப்புகளில் உள்ள ஓர் அடிப்படை வேறுபாட்டை அறிய வேண்டும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ போன்ற நிகழ்படக் கோப்புகள் வெறும் தரவுகள். படச்சட்டங்களும் ஒலியும் சுருக்கப்பட்டு அவற்றுள் அடுக்கப்பட்டுள்ளன. இயக்கி மென்பொருள் ஒன்று அவற்றைப் படித்துத் திரையில் காட்டுகின்றது. அவை தாமாக எதையும் செய்வதில்லை. மாறாக, விண்டோசில் எக்ஸ்இ, எஸ்சிஆர், எம்எஸ்ஐ, விபிஎஸ், எல்என்கே நீட்சிகளும், ஆண்ட்ராய்டில் ஏபிகே நீட்சியும் கொண்ட கோப்புகள் நிரல்களாகவோ நிரலைத் தூண்டுவனவாகவோ உள்ளன. அவற்றைத் திறப்பது, முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே தாக்குவோரின் வேலை எளிதானது. நிரலை நிகழ்படம் போலத் தோன்றச் செய்தால் போதும். இதில் விண்டோசே அவர்களுக்கு உதவுகின்றது என்று கூறுவது மிகையன்று. விண்டோசு 95 காலம் தொட்டு, அறியப்பட்ட கோப்பு நீட்சிகளை மறைத்துக் காட்டுவதே அதன் இயல்பிருப்பு. "புதுப்படம்.எம்பி4.எக்ஸ்இ" என்ற கோப்பு, பயனரின் கண்ணுக்குப் "புதுப்படம்.எம்பி4" என்றே தெரியும். அதன் படவுருவையும் நிகழ்பட இயக்கியின் படவுரு போல மாற்றிவிடலாம். 2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய "ஐ லவ் யூ" புழு, இவ்வாறே உரைக்கோப்பு போலத் தோற்றமளித்த விபிஎஸ் நிரலாகும். கால் நூற்றாண்டு கழிந்தும் இந்த இயல்பிருப்பு மாற்றப்படவில்லை. கோப்பு உலாவியின் பார்வை அமைப்பில் நீட்சிகளைக் காட்டும் தெரிவை இயக்கி வைப்பது, விண்டோசுப் பயனர் ஒருவர் செய்யத்தக்க மிக மலிவான பாதுகாப்பு ஆகும். அதுவும் முழுக் காப்பு அன்று. பெயரின் ஒரு பகுதியை வலமிருந்து இடமாகக் காட்டச் செய்யும் கண்ணுக்குத் தெரியாத யுனிக்கோட்டுக் குறி ஒன்றைச் செருகி, எக்ஸ்இ கோப்பு எம்பி4 என முடிவது போலக் காட்டும் உத்தியும் கையாளப்பட்டுள்ளது. கோப்பின் பெயரை நம்பாமல், கோப்பு உலாவியில் "வகை" என்னும் நிரலைப் பார்ப்பது இதற்கு மாற்றாகும்.

கோப்பின் அளவும் ஒரு குறிப்பைத் தரும். இரண்டரை மணிநேரப் படம் சில மெகாபைட்டுகளில் அடங்காது. ஆனால் நிரல் கோப்பில் வெற்றுத் தரவுகளை நிரப்பிப் பெருக்கிவிட முடியும் என்பதால், பெரிய கோப்பு என்ற காரணத்தாலேயே அதை நம்பிவிட இயலாது.

போலிக் கோடெக்கும் அதன் வழித்தோன்றல்களும்

2000களில் மிகவும் பரவிய ஏமாற்று, போலிக் கோடெக் ஆகும். படத்தை இயக்க முயன்றால் "இந்நிகழ்படத்தைக் காணக் கோடெக் தேவை" என்ற அறிவிப்புத் தோன்றும். அதை நிறுவினால் தீநிரல் நிறுவப்படும். 2005ஆம் ஆண்டின் இறுதியில் இனங்காணப்பட்ட சிலாப் என்னும் தீநிரல் இவ்வகையது. இதே உத்தியைப் பயன்படுத்திய டிஎன்எஸ்சேஞ்சர், கணினி எந்த வழங்கியிடம் இணைய முகவரிகளைக் கேட்கின்றது என்பதையே மாற்றியமைத்தது. பயனர் சரியான முகவரியைத் தட்டினாலும் அவரைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்ல அதனால் முடிந்தது. இதற்குப் பின்னால் இருந்த எசுத்தோனியக் குழுவினரை 2011 நவம்பரில் கைது செய்ததாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அறிவித்தபோது, 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. அக்கணினிகள் இணையத் தொடர்பை இழக்காமல் இருக்க நீதிமன்ற ஆணையின்படி அமைக்கப்பட்ட தற்காலிக வழங்கிகள் 2012 சூலை 9 வரை இயங்கின.

விண்டோசு மீடியா வடிவக் கோப்புகளில் வேறொரு ஓட்டை இருந்தது. உரிமம் பெறுவதற்கென ஓர் இணைய முகவரியைக் கோப்பினுள்ளேயே குறித்து வைக்க அவ்வடிவம் இடமளித்தது. 2005இன் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட தீநிரல்கள் இவ்வசதியைப் பயன்படுத்தி, படத்தைத் திறந்தவுடன் தீய பக்கத்துக்குப் பயனரைக் கொண்டு சென்றன. கோப்பு உண்மையான நிகழ்படமாகவே இருந்தும் இது நிகழ்ந்தது.

இன்று கோடெக் என்ற சொல் மறைந்துவிட்டது, உத்தி மறையவில்லை. "உலாவியைப் புதுப்பிக்கவும்", "எச்டி இயக்கியை நிறுவவும்", "நீங்கள் மனிதர் என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்தவும்" என்று அதே கோரிக்கை பல வேடங்களில் வருகின்றது. கடைசியாகக் கூறப்பட்டதை அழுத்தினால், அத்தளம் நாள்தோறும் போலி எச்சரிக்கைகளை அறிவிப்புகளாக அனுப்பும் உரிமையைப் பெறுகின்றது. 2024 முதல் பரவிவரும் மற்றொரு வகையில், போலிச் சோதனைப் பக்கம் விண்டோசு விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் ஒட்டுமாறு பயனரிடம் கூறும். ஒட்டப்படுவது, பக்கம் ஏற்கனவே கமுக்கமாக நகலெடுத்து வைத்த கட்டளை. பயனர் தம் கையாலேயே தீநிரலை வரவழைக்கின்றார். எந்த உண்மையான நிகழ்படத் தளமும் இவ்வாறு கேட்பதில்லை.

சுருக்கப்பட்ட கோப்புகளும் கவனத்துக்குரியவை. நிகழ்படம் ஏற்கனவே சுருக்கப்பட்டது. அதை மீண்டும் சிப் அல்லது ரார் பொதியில் இடுவதால் அளவு குறைவதில்லை. கடவுச்சொல் இடப்பட்ட பொதியாக ஒரு படம் தரப்பட்டால், நச்செதிர்ப்பி உள்ளே பார்க்கக் கூடாது என்பதே பெரும்பாலும் அதன் நோக்கம். 2023இல் வின்ரார் மென்பொருளிலேயே ஒரு குறை வெளிப்பட்டது. பொதிக்குள் இருந்த தீங்கற்ற கோப்பைத் திறந்தாலே மறைந்திருந்த நிரல் இயங்கியது. 6.23 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. 2024 ஆகத்தில் மாண்டியண்ட் நிறுவனம் விவரித்த பீக்லைட் தாக்குதலில், திருட்டுத் திரைப்படம் எனப் பெயரிட்ட சிப் பொதிக்குள் எல்என்கே குறுக்குவழிக் கோப்பு வைக்கப்பட்டிருந்தது.

கைபேசியில்

ஆண்ட்ராய்டுக் கைபேசியில் ஆபத்து ஏபிகே கோப்பாக வருகின்றது. திருட்டுத் தளங்கள் பல, "எங்கள் செயலியை நிறுவினால் படம் தடையின்றி ஓடும்" என்கின்றன. அச்செயலி குறுஞ்செய்திகளைப் படிக்கவும், அணுகல்தன்மைச் சேவையைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்கும். படம் காட்டுவதற்குக் குறுஞ்செய்தி எதற்கு என்ற கேள்வி இங்கு எழ வேண்டும். வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியில்தான் வருகின்றது. அணுகல்தன்மை அனுமதி பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கவும், பயனருக்குப் பதிலாகத் தானே பொத்தான்களை அழுத்தவும் வல்லது. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியாக வரும் ஏபிகே கோப்புகள் குறித்து இந்தியாவின் பல மாநிலக் காவல்துறைகள் எச்சரித்துள்ளன. நிகழ்படம் என்ற பெயரில் வருவதும் அவற்றின் உடன்பிறப்பே.

டெலிகிராம் செயலியில் 2024இல் கண்டறியப்பட்ட குறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஈசெட் நிறுவனம் "ஈவில்வீடியோ" எனப் பெயரிட்ட இம்முறையில், ஏபிகே கோப்பு உரையாடலில் 30 நொடி நிகழ்படம் போலத் தோன்றியது. தொட்டால், இதனை இயக்க முடியவில்லை, வெளி இயக்கியைப் பயன்படுத்தவும் என்ற செய்தி வந்தது. ஒப்புக்கொண்டால், செயலியை நிறுவும் கோரிக்கை தொடர்ந்தது. 2024 சூலை 11 அன்று வெளியான 10.14.5 பதிப்பில் இது திருத்தப்பட்டது. இங்கும் பயனர் இறுதி ஒப்புதலைத் தராவிட்டால் தாக்குதல் நிறைவேறியிராது. அறியப்படாத மூலங்களில் இருந்து செயலிகளை நிறுவும் அனுமதியை உலாவிக்கும் டெலிகிராமுக்கும் மறுத்து வைப்பது இதனால்தான் முக்கியமாகின்றது.

நிகழ்படமே தாக்கிய நிகழ்வுகள்

நிகழ்படக் கோப்பு வெறும் தரவு என்ற கூற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு. அதைப் படிக்கும் மென்பொருளில் குறை இருந்தால், திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட கோப்பு அக்குறையின் வழியே நிரலை இயக்கக்கூடும். 2015 சூலையில் வெளிவந்த ஆண்ட்ராய்டின் "ஸ்டேச்ஃபிரைட்டு" குறை இவற்றில் புகழ்பெற்றது. பல்லூடகச் செய்தியாக ஒரு நிகழ்படம் வந்தாலே போதும். பயனர் திறக்க வேண்டியதும் இல்லை. ஏறத்தாழ 95 கோடிக் கருவிகள் பாதிப்புக்கு உட்பட்டவை என அப்போது மதிப்பிடப்பட்டது. இதனை அடுத்தே கூகிள் நிறுவனம் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. 2017 மே மாதத்தில் செக் பாயிண்ட் நிறுவனம், துணையுரைக் கோப்புகள் வழியாகவும் விஎல்சி, கோடி முதலிய இயக்கிகளைத் தாக்கலாம் என்று காட்டியது. 2019இல் வாட்ஸ்அப்பில் எம்பி4 கோப்பு தொடர்பான குறை ஒன்று திருத்தப்பட்டது.

இத்தகைய குறைகள் விலைமதிப்பு மிக்கவை. பொதுவாக அவை குறிப்பிட்ட நபர்களைக் குறிவைக்கவே செலவிடப்படுகின்றன. படம் தேடும் மாணவரை நோக்கி அல்ல. இயக்கியையும் இயங்குதளத்தையும் புதுப்பித்து வைத்திருப்பவர் இதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை. திருத்தங்கள் வருவது நின்றுபோன பழைய கைபேசிகளுக்கு இது பொருந்தாது.

தடைகளும் அவற்றின் விளைவுகளும்

தமிழ்நாட்டில் ஒரு தளம் உண்மையானதா போலியா என்று அறிவது கடினமானதற்குத் தடையாணைகளும் ஒரு காரணம். 2012இல் "3", "தம்மு" ஆகிய படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைக் கொண்டு, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோசன் போன்ற தளங்களை முழுமையாக முடக்கின. திருட்டுப்படி உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவ்வாண்டு சூனில் தெளிவுபடுத்தியது. 2017 ஆகத்தில் 2,600க்கும் மேற்பட்ட தளங்களைக் கொண்ட பட்டியலில், பொதுவுரிமைப் படங்களைச் சட்டப்படி வழங்கும் இணைய ஆவணகமும் சேர்ந்துவிட்டது.

2018 நவம்பரில் "2.0" வெளியாவதற்கு முந்தைய நாள், 12,564 தளங்களைத் தடுக்குமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது. அவற்றுள் 2,000க்கும் மேற்பட்டவை தமிழ்ராக்கர்ஸ் பெயரோடு தொடர்புடையவை. ஒரு முகவரி மூடப்பட்டால் மற்றொன்று திறக்கப்பட்டது. இத்தனை முகவரிகளுள் எது யாருடையது என்று பயனர் அறிய வழியில்லை. திருட்டுத் தளத்தின் பெயரைத் திருடி இன்னொருவர் தளம் அமைப்பதும் எளிதாயிற்று. இத்தளங்களுக்கு வருவாய் விளம்பரங்களில் இருந்தே கிடைக்கின்றது. முறையான விளம்பர நிறுவனங்கள் ஒதுங்கும் இடத்தில் வருவது எத்தகைய விளம்பரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 திசம்பரில் கண்டறியப்பட்டு, 2025 மார்ச்சில் மைக்ரோசாப்ட் விவரித்த தாக்குதல் ஒன்று சட்டத்துக்குப் புறம்பான திரைப்படத் தளங்களின் விளம்பரங்களில் தொடங்கி, உலகளவில் ஏறத்தாழ 10 இலட்சம் கருவிகளை எட்டியது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுவது அதன் நோக்கங்களில் ஒன்று.

தடை நல்ல மென்பொருளையும் விடவில்லை. உலகெங்கும் பயன்படும் கட்டற்ற நிகழ்பட இயக்கியான விஎல்சியின் அதிகாரப்பூர்வ தளம் 2022 பெப்ரவரி முதல் இந்தியாவில் முடக்கப்பட்டது. அதனை உருவாக்கும் வீடியோலான் அமைப்புக்கு முன்னறிவிப்புத் தரப்படவில்லை. விஎல்சியைப் பயன்படுத்திச் சீனத் தாக்குநர்கள் தீநிரல் ஏற்றினர் என்ற செய்தியோடு இத்தடை அடிக்கடி இணைத்துப் பேசப்பட்டது. ஆனால் சிமாண்டெக் நிறுவனத்தின் அவ்வறிக்கை தடைக்குப் பின்னர், ஏப்ரலில் வெளியானது. ஏற்கனவே ஊடுருவப்பட்ட கணினிகளில் விஎல்சியின் அருகே தீய கோப்பொன்றை வைத்ததையே அது கூறியது. இணையச் சுதந்திர அறக்கட்டளையின் சட்ட உதவியுடன் வீடியோலான் அறிவிக்கை அனுப்பிய பின், 2022 நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் அத்தளத்தைத் திறக்க இயலாத இந்தியப் பயனர், தேடுபொறி காட்டிய வேறு தளங்களையே நாட வேண்டியிருந்தது. பாதுகாப்பான பொருளைப் பாதுகாப்பற்ற இடத்தில் இருந்து பெற நேர்ந்தது என்ற வகையில், இத்தடை எதிர்விளைவையே தந்தது எனலாம்.

பாதுகாப்பாகத் தரவிறக்கல்

நாடும் படத்தை உரிமையாளரே வழங்கும் இடம் உள்ளதா என்று பார்ப்பது முதற்படி. மாணவர்களுக்கு இது எதிர்பார்ப்பதைவிட எளிது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் விரிவுரைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். விக்கிமீடியாப் பொதுவகத்திலும் இணைய ஆவணகத்திலும் தளையற்ற நிகழ்படங்கள் கிடைக்கின்றன. கட்டணத் திரைப்படச் செயலிகள் பல, இணைப்பில்லா இடத்தில் காண்பதற்கெனத் தம்முள்ளேயே சேமிக்கும் வசதியைத் தருகின்றன. மலைக்குச் செல்வோருக்கு இது போதுமானது.

அறிமுகமற்ற தளத்தைத் தவிர்க்க இயலாதபோது, பக்கத்தில் மின்னும் பெரிய பொத்தான்கள் பெரும்பாலும் விளம்பரங்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். சுட்டியைப் பொத்தானின் மேல் வைத்தால் உலாவியின் அடியில் தெரியும் முகவரி, அது எங்கு செல்கின்றது என்பதைப் பெரும்பாலும் காட்டும். விளம்பரத் தடுப்பான் ஒன்றை உலாவியில் சேர்ப்பது இங்கு வசதிக்காக மட்டுமன்று. பதிவு செய்யக் கேட்டால் வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் உள்ள கடவுச்சொல்லை இடவே கூடாது. முகவரியில் பூட்டுக் குறி இருப்பது, தொடர்பு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதை மட்டுமே குறிக்கும். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சான்றாகாது.

இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறக்காமல், முதலில் விஎல்சி போன்ற இயக்கியைத் திறந்து அதனுள்ளிருந்து கோப்பைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம். கோப்பு நிரலாக இருந்தால் இயக்கி அதனை ஓட்டாது, பிழைச்செய்தியே வரும். ஐயமுள்ள கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றி, பல நச்செதிர்ப்பிகளால் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். அங்கு ஏற்றப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காண முடியும் என்பதால் குடும்ப நிகழ்படங்களை ஏற்றலாகாது.

இவை எல்லாம் கணினியைக் காக்கும், சட்டத்திலிருந்து காக்கமாட்டா. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 63ஆம் பிரிவு, அறிந்தே உரிமை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. அரங்கில் படம்பிடிப்போருக்கான தண்டனை 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தால் கடுமையாக்கப்பட்டது.

பாதிப்பு நேர்ந்தால்

தீநிரல் இயங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கைபேசியில் வானூர்தி நிலை போதுமானது. கடவுச்சொற்களை வேறொரு தூய கருவியில் இருந்தே மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட கணினியில் மாற்றினால் புதியதும் களவு போகும். கைபேசியில் அணுகல்தன்மை, கருவி நிர்வாகி ஆகிய அனுமதிகளைப் பெற்றுள்ள செயலிகளைப் பார்த்து, அனுமதியை நீக்கிய பின்னரே செயலியை அகற்ற இயலும். அகற்ற முடியாவிடில் ஆலை அமைப்புக்கு மீட்டமைப்பதே வழி. இந்திய அரசு 2017 பெப்ரவரியில் தொடங்கிய சைபர் சுவச்சதா மையம், தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகின்றது.

பணம் பறிபோயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். திருடப்பட்ட தொகை ஒரு கணக்கில் இருந்து மறு கணக்குக்கு விரைவாக மாற்றப்படும். எடுக்கப்படும் முன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு. தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதியலாம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இணையவழிக் குற்றக் காவல் நிலையம் உள்ளது, தேனியிலும் உண்டு.

நடைமுறையில் பலர் புகார் அளிப்பதில்லை. திருட்டுப்படம் பார்க்கப் போய் நேர்ந்தது என்பதாலோ, பாலியல் நிகழ்படம் தேடியபோது நேர்ந்தது என்பதாலோ, வீட்டாரிடமும் காவலரிடமும் கூற நாணுகின்றனர். மிரட்டிப் பணம் பறிப்போர் நம்பியிருப்பது இத்தயக்கத்தையே. பணம் கொடுத்தால் மிரட்டல் நின்றுவிடும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. கொடுக்கக் கூடியவர் என்று அறிந்த பின் கோரிக்கை கூடவும் செய்யும். மிரட்டல் செய்திகளையும், பணம் கேட்ட எண்களையும், தரவிறக்கிய தளத்தின் முகவரியையும் அழிக்காமல் திரைப்பிடிப்பாகச் சேமித்து வைப்பது விசாரணைக்கு உதவும். தரவிறக்கிய கோப்பை மட்டும் மீண்டும் திறக்கலாகாது.